பங்குப் பள்ளிக்காக ஏலம் வைக்கப் போகிறோம், நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மட்டிக்குலை
ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் பக்கம் ஒரு கிராமக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள்) எங்களுடையது. நானூறு குடும்பம் தேறும், 14 அன்பியங்கள் (பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்). கோயில் வளாகத்திலேயே அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி இருக்கிறது. நானும் என் அப்பாவும் படித்த பள்ளி. இப்போது 170 பிள்ளைகள். பாதிக்கு மேல் நம் பங்கைச் சேராத வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கட்டடம் நிர்வாகத்தின் பாடு, அதாவது நம் பாடு. கட்டட உறுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும் என்று போன மாதம் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தோம். பெண் பிள்ளைகளின் கழிவறைச் சுவரை மனுஷன் விரலை மடக்கி இரண்டு தட்டுத்தான் தட்டினார். காரை பொலபொலவென்று உதிர்ந்து அவர் செருப்பிலேயே விழுந்தது. மேற்கொண்டு எதுவும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். கழிவறையைப் புதிதாகக் கட்ட 2,85,000. இரண்டு வகுப்பறை ஓட்டுக்கூரையைப் பிரித்து மேய்ந்தால் மொத்தம் ஆறு லட்சத்தைத் தாண்டும்.

இன்னொரு வரி போட முடியாது. தேர்க்கூடத்துக்குப் போன வருடம்தான் வீட்டுக்கு வீடு பிரித்தோம், அந்தப் பாக்கியே இன்னும் நிற்கிறது. அதனால் பங்குப் பேரவையில் ஏலம் என்று முடிவாயிற்று. திருவிழா கடைசி நாள் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது எங்களுக்கும் பழக்கம்தான் (ஊரில் லேலம் என்போம்). ஆனால் அந்தப் பணம் கோயில் கணக்கில் போய்விடும். பள்ளிக்கென்றே தனியாக ஒன்று வைப்பது இதுதான் முதல் முறை.

எப்போது வைப்பது, யாரிடம் கேட்க வேண்டும், வாழைக்குலை தேங்காய் தவிர என்ன வைக்கலாம், ஏலத்தில் எடுத்துவிட்டுக் கடன் சொல்பவரை என்ன செய்வது? கூடவே 50 ரூபாய் குலுக்கல் சீட்டும் அடிக்கலாம் என்று இளைஞர் இயக்கத்தார் சொல்கிறார்கள். முதல் பரிசு ஆடு.


கரைமடி
ஞாயிறு, இரவு 10:25

மட்டிக்குலை அண்ணே, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் உங்களை அழ வைக்கப் போகிறது.

எங்களுக்குக் கடற்கரையில் ஏலம் தினசரி வேலை. வள்ளம் கரை தொட்டதும் மீன் மணலில் விழும், ஏலக்காரர் வாய் திறப்பார், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே யாரும் ஏமாற்றுவதில்லை, நாளைக்கும் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டுமே. கோயில் ஏலம் அப்படி இல்லை. அங்கே ஆள் பேசுவதில்லை, வீராப்பு பேசுகிறது. நான்கு வருடத்துக்கு முன் எங்கள் பங்கில் கெபி (மாதா சொரூபம் வைக்கும் குகை) கட்ட ஏலம் வைத்தோம். ஒரு சேவல் 300-இல் ஆரம்பித்தது. மச்சினன்மார் இருவர், இரண்டு பேரும் கொஞ்சம் ‘ஏற்றிக்கொண்டு’ வந்தவர்கள், மாறி மாறிக் கேட்டுக் கேட்டு 15,000-இல் கொண்டு நிறுத்தினார்கள். கைதட்டல், விசில், மைக்கில் பெயர். மறுநாள் காலை ஆறு மணிக்கு எடுத்தவரின் மனைவி சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாமியார் (பங்குத்தந்தை) வீட்டு வாசலில் வந்து நின்றார். “சாமி, இத நீங்களே வச்சுக்கிடுங்க, எங்க வீட்டுல அரிசி இல்ல.”

சாமியார் நல்ல மனிதர். 300 ரூபாய்க்கு ரசீது போட்டு, மீதியை அடித்துவிட்டார். ஆனால் அந்த அம்மா அப்புறம் ஒரு வருடம் கோயிலுக்குள் பின்வாசல் வழியாகத்தான் வந்தார்.

அந்த ஏலத்தில் மொத்தம் கேட்ட தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரம். கைக்கு வந்தது தொண்ணூறு. மீதி இன்னும் நோட்டில் இருக்கிறது. அதனால் நான் சொல்வது:

மைக் பக்கத்திலேயே மேசை போட்டு இரண்டு பேரை உட்கார வையுங்கள். மூணு தரம் சொன்னதும் எடுத்தவர் மேசைக்கு வந்து பணமோ ஜிபேயோ போட்டு, ரசீது வாங்கி, அப்புறம்தான் பொருள் கைக்குப் போக வேண்டும். அதுவரை அடுத்த பொருளைத் தூக்காதீர்கள். ஏலம் இழுக்கும், பரவாயில்லை.

காலைத் திருப்பலி (பூசை) முடிந்ததும் ஆரம்பித்து மதியச் சோற்றுக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் வைத்தால் சேவல் கதைதான்.

ஏலம் விடுகிறவர் ஊரில் எல்லோரையும் தெரிந்தவராக இருக்க வேண்டும். யார் எதுவரை தாங்குவார் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் அந்த ஆள் கேட்டால் காது கேளாதவர் மாதிரி இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். எங்கள் பழைய ஏலக்காரர் இதில் மன்னன். கெபி ஏலத்தில் அவர் இல்லை.


பேரேடு
திங்கள், காலை 7:15

திருச்சியில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. நான்கைந்து மறைமாவட்டப் பள்ளிகளின் (ஆயர், அதாவது பிஷப், நிர்வாகத்தில் உள்ளவை) கணக்கு என் மேசைக்கு வரும். விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அனுமதி. தனிப்பட்டவர்கள் திருச்சபை நிறுவனத்துக்காகப் பணம் திரட்ட ஆயரின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1265 சொல்கிறது. பங்குத்தந்தை தலைமையில் பேரவையே நடத்துவதால் உங்களை யாரும் சட்டப் புத்தகத்தோடு வந்து பிடிக்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு கடிதம் போட்டு ஆயர் இல்லத்திலிருந்து பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை பங்குத்தந்தை மாற்றலாகிப் போனால் அந்தக் காகிதம்தான் பேசும்.

இரண்டாவது, 1267. ஒரு நோக்கத்துக்கென்று மக்கள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டும்தான் செலவிட வேண்டும். ‘பள்ளி வளர்ச்சிக்கு’ என்று நோட்டீசில் பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள். ‘மாணவியர் கழிவறை, இரண்டு வகுப்பறைக் கூரை’ என்று போடுங்கள். மிச்சம் வந்தால் எதற்கு என்பதையும் அதே நோட்டீசில் எழுதிவிடுங்கள். பணம் பள்ளிக் கணக்குக்கா, பங்குக் கணக்குக்கா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஏலம் முடிந்த பிறகு அதைப் பேச ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும்.

80ஜி (நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை) பற்றி யாராவது கேட்பார்கள். ஏலத்தில் பொருள் எடுத்தவருக்கு அது கிடைக்கும் என்று மைக்கில் வாக்குக் கொடுக்காதீர்கள். பணத்துக்குப் பொருள் கைமாறிவிட்டதே, அது எப்படி நன்கொடை ஆகும்? பொருள் எதுவும் வாங்காமல் கொடுப்பவருக்கு, உங்கள் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருந்தால், ரசீது போடலாம். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, வங்கி வழியாக வர வேண்டும்.

கடைசியாக அந்தக் குலுக்கல் சீட்டு. வேண்டாம். 2003 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசு லாட்டரி கடைக்குக் கடை தொங்குகிறதே என்பீர்கள். அது அரசு நடத்துவது, அந்தப் பக்கம். திருவிழாக்களில் குலுக்கல் நடக்கத்தான் செய்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வேறு. பள்ளியின் பெயரைச் சீட்டில் அச்சடித்து விற்றால் நாளைக்கு வம்பு பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பாளரான தாளாளர் தலையில் விடியும். ஆட்டையும் ஏலத்திலேயே விட்டுவிடுங்கள்.


மட்டிக்குலை
திங்கள், மதியம் 1:05

பேரேடு சார், நல்ல வேளை சொன்னீர்கள். சீட்டு அச்சடிக்க இன்று சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போவதாக இருந்தது. நிறுத்திவிட்டேன். இளைஞர் இயக்கத் தம்பிகளுக்கு என் மேல் கோபம்.

கரைமடி, அந்த அம்மா சேவலோடு நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை.

தேங்காயைச் சுற்றில் விடுவது உங்கள் பக்கமும் உண்டா? எங்கள் ஊரில் ஏலத்தின் உயிரே அதுதான். ஒருவர் 500-க்குத் தேங்காயை எடுப்பார், காசைக் கட்டுவார், “கோயிலுக்கே” என்று திரும்ப மேடையில் வைத்துவிடுவார். அதே தேங்காய் மறுபடி ஒரு தரம், ரெண்டு தரம். இப்படி ஒரே தேங்காய் ஐந்தாறு பேர் கையைச் சுற்றி வரும்.


ஒஹாயோ_அம்மா
திங்கள், இரவு 8:50

அண்ணா, நான் பிறந்தது திங்கள்நகர் பக்கம், இருப்பது அமெரிக்காவில். என் இரண்டு பிள்ளைகளும் இங்கே ஒரு பங்குப் பள்ளியில் படிக்கிறார்கள். இங்கே கத்தோலிக்கப் பள்ளிக்கு அரசு ஆசிரியர் சம்பளம் தராது. அதனால் வருடாந்தர ஏலம் பள்ளியின் பெரிய வருமானங்களில் ஒன்று. ஆறு மாதம் முன்பே குழு போட்டுக் கடை கடையாக ஏறி இறங்கிப் பொருள் கேட்கிறார்கள். நானும் ஒரு வருடம் அந்தக் குழுவில் அலைந்தேன்.

நம் ஊருக்கு ஒத்து வரக்கூடியது என்று எனக்குப் படுவது மூன்று.

ஒன்று, சத்தமில்லாத ஏலம். சின்னப் பொருள்களை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தாள். வேண்டியவர் தன் எண்ணையும் தொகையையும் எழுதிவிட்டுப் போகலாம். அடுத்தவர் அதற்குக் கீழே கூட்டி எழுதுவார். மணி அடித்ததும் கடைசியாக எழுதியவருக்குப் பொருள். மைக்கில் கேட்கக் கூச்சப்படும் பெண்கள் இதில்தான் அதிகம் எழுதுகிறார்கள்.

இரண்டு, பொருளே இல்லாத ஏலம். கடைசியில் ஒருவர் மேடையேறி, இந்த வருடம் இதற்குப் பணம் வேண்டும், ஆயிரம் டாலர் கொடுப்பவர் அட்டையைத் தூக்குங்கள் என்பார். அப்புறம் ஐந்நூறு, நூறு, ஐம்பது, இருபத்தைந்து என்று இறங்கி வருவார். ஐம்பதுக்கு வரும்போது மண்டபம் முழுக்க அட்டை தெரியும்.

மூன்று, பிள்ளைகள் செய்தது. வகுப்புக்கு ஒரு போர்வை, எல்லாப் பிள்ளைகளின் கைரேகையும் பதித்தது. என் மகன் வகுப்புப் போர்வையை எடுக்க இரண்டு தாத்தாக்கள் போட்ட போட்டி இருக்கிறதே!

இங்கே கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு முன்வரிசை இருக்கையையும் ஏலம் விடுகிறார்கள். நல்ல விலை போகும்.


மேய்ப்பன்குடில்
திங்கள், இரவு 11:10

தங்கச்சி, கடைசியில் சொன்னதை மட்டும் நம் ஊருக்கு அனுப்பி விடாதே.

பொன்மோதிரம் போட்டவன் வந்தால் நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, கந்தை கட்டினவனைக் கால்மாட்டில் உட்காரச் சொல்கிறீர்களே என்று யாக்கோபு தன் கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். வாசகத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்து இருக்கையை ஏலம் போட முடியுமா? அமெரிக்காவில் அது வெறும் இடப் பிரச்சினையாக இருக்கலாம். இங்கே முன்வரிசை என்றால் மரியாதை, மரியாதை என்றால் சாதி. கொடி தூக்குவது, சப்பரத்துக்குக் குடை பிடிப்பது, தேர்வடத்தில் முதல் கை வைப்பது, இதில் எதையும் ஏலத்துக்குக் கொண்டுவராதீர்கள். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த தடுப்பை 1910-இல் இடித்தார்கள். இடித்ததற்கு வழக்கும் நடந்தது. நூறு வருடக் கதைதானே என்று நினைத்தால், கொடி இறக்கும் நாளில் என் ஊருக்கு ஒரு தடவை வந்து பாருங்கள்.

இன்னொன்று. மாதாவுக்குப் பொருத்தனையாகப் போட்ட சங்கிலி, வெள்ளிக் கண்மலர் இதையெல்லாம் பள்ளிக்காக விற்கலாமே என்று கூட்டத்தில் யாராவது கிளப்புவார். நேர்ச்சையாகக் கொடுத்த பொருளை விற்க ரோமாபுரி வரை அனுமதி போக வேண்டும். புனிதர் திருப்பண்டத்தை (எலும்பு போன்ற நினைவுப்பொருளை) விற்கவே கூடாது. அந்தப் பேச்சை அங்கேயே அமர்த்திவிடுங்கள்.

பொருளில்லா ஏலம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.


சாக்பீஸ்
செவ்வாய், காலை 6:30

உதவி பெறும் பள்ளியில் 26 வருடம் ஆசிரியை, இப்போது ஓய்வு. பிள்ளைகள் செய்ததை ஏலம் விடுவது பற்றி ஒஹாயோ அம்மா சொன்னதற்கு ஒரு வார்த்தை.

நாங்களும் செய்தோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்களுக்கு நானே சட்டம் போட்டு ஆண்டுவிழாவில் ஏலத்துக்கு வைத்தேன். யோசனை என்னுடையதுதான், தப்பும் என்னுடையதுதான். ஒரு பையன் அப்பாவை வரைந்திருந்தான். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்தின் முன் நிற்கிறார். வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் மஞ்சள் அடித்து மீதித் தாள் முழுவதும் கறுப்பு கிரேயான். அந்த அப்பா பின்னால் நின்று 50 என்றார். யாரோ 100 என்றார். இவர் 120. அவர் 500. சிரிப்பு. இவர் ஒன்றும் சொல்லவில்லை, வெளியே போய் நின்றுகொண்டார். 500-க்கு எடுத்தவர் கெட்டவர் இல்லை, பள்ளிக்குக் கூடக் கொஞ்சம் கிடைக்கட்டும் என்றுதான் கேட்டார். அப்புறம் தெரிந்ததும் படத்தைக் கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுத்தார். அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

அதனால் பிள்ளைகள் கைப்பட்டது எதுவும் ஏலத்துக்குப் போகக் கூடாது. வேண்டுமானால் தனி மேசை போட்டு, பெற்றவர்களுக்கு மட்டும் 20 ரூபாய் என்று ஒரே விலை வையுங்கள். வகுப்பு முழுக்கச் சேர்ந்து செய்த ஒன்று என்றால் சரி, அது யார் வீட்டுப் பிள்ளையுடையதும் இல்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் முற்றத்தில் வைத்தால் உங்கள் பள்ளியின் பாதிப் பெற்றோர் வர மாட்டார்கள். யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனாலும் வர மாட்டார்கள். பள்ளி மைதானத்தில் வையுங்கள். அழைப்பைத் திருப்பலி முடிவில் அறிவித்தால் மட்டும் போதாது, பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்புங்கள். எங்கள் பள்ளியில் அதிக விலைக்குப் போன குலையைக் கொடுத்தவர் பக்கத்து அம்மன் கோயில் தர்மகர்த்தா, அவருடைய பேத்தி மூன்றாம் வகுப்பு.

பிள்ளைகளை மேடையில் நிறுத்தி “எங்களுக்குக் கழிவறை இல்லை” என்று பேச வைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைகள் அவர்கள்.


கறார்_கண்ணாடி
செவ்வாய், மதியம் 12:20

எல்லோரும் தேங்காய், சேவல் என்று உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன்.

உதவி பெறும் பள்ளியில் ஒரு பணியிடம் காலியானால் வெளியில் என்ன பேச்சு அடிபடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லை, உங்கள் பள்ளியைச் சொல்லவில்லை. ஆனால் ஊர்க்காரன் வாழைக்குலைக்கு 800 கொடுக்கும்போது அவன் மனதில் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி இருக்கும். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மைக்கைப் பிடியுங்கள். நான் படித்த பள்ளியில் கூரைக்கென்று இரண்டு முறை வசூல் செய்தார்கள். கூரை அப்படியேதான் இருக்கிறது. மூன்றாம் முறை நோட்டைக் கொண்டுவந்தபோது என் அப்பா கதவைத் திறக்கவில்லை.


மட்டிக்குலை
செவ்வாய், இரவு 10:00

கண்ணாடி சார், கோபமில்லை. பேரவையில் இதே கேள்வியை ஒரு அன்பியத் தலைவி இதைவிடக் காரமாகக் கேட்டார். பங்குத்தந்தைதான் தாளாளரும். அவர் ஒன்று சொன்னார்: கடந்த மூன்று வருடப் பள்ளி வரவு செலவை ஏலத்துக்கு முந்தைய ஞாயிறு கோயில் அறிவிப்புப் பலகையிலும் பள்ளி வாசலிலும் ஒட்டுவோம், ஏலக் கணக்கை எட்டு நாளில் அதே இடத்தில் ஒட்டுவோம் என்று. கேட்டதும் நிதிக்குழுவில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் முடிவாகிவிட்டது.

சாக்பீஸ் டீச்சர், படம் விஷயம் எங்கள் பட்டியலில் இருந்தது. எடுத்துவிட்டோம். இடமும் பள்ளி மைதானம்தான்.

நாள் பற்றிக் கொஞ்சம் குழப்பம். மே மாதம் என்றால் சக்கை (பலா), மாங்காய் தாராளமாக வரும், ஆனால் வளைகுடாக்காரர்கள் இருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கம் என்றால் அவர்கள் விடுமுறைக்கு வந்திருப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வேண்டாம், ஐப்பசி மழையில் கூரையைப் பிரிக்கவும் முடியாது.


குவைத்_கிளை
புதன், காலை 11:35

ஆகஸ்டிலேயே வையுங்கள் அண்ணாச்சி, நான் அந்த வாரம் ஊரில்தான். வர முடியாதவர்கள் வாட்சாப் வீடியோவில் கேட்கலாமா? எங்கள் ரூமில் நம் ஊர்க்காரர் ஆறு பேர். லண்டனில் ஒரு சித்தப்பா மகனும் பெரிய தொகை தருவதாகச் சொல்கிறான். அவன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து எட்டு வருடமாயிற்று.


பேரேடு
புதன், மதியம் 2:10

குவைத் தம்பி, நீங்கள் ஆறு பேரும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பிரச்சினை இல்லை. சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. லண்டன் தம்பி விஷயம் வேறு. குடியுரிமை மாறிவிட்டால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவர் கொடுப்பதை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் வாங்க முடியும், அதுவும் தில்லியில் ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கு வழியாக. அந்தப் பணம் பங்குக் கணக்கில் தெரியாமல் விழுந்துவிட்டால் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஊரில் இருக்கும் தம்பியின் பெயரில் போட்டுவிடலாம் என்று குறுக்கு வழி சொல்வார்கள். அதையும் செய்யாதீர்கள். மறைமாவட்டச் சமூக சேவை அமைப்புக்குப் பதிவு இருக்கிறதா, இந்தப் பணிக்கு அவர்களால் வாங்க முடியுமா என்று கேட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

வீடியோ ஏலத்தில் ஒரு சிக்கல். சிக்னல் நான்கு நொடி பிந்தி வரும். மூணு தரம் சொன்ன பிறகு அங்கிருந்து கையைத் தூக்குவார்கள். ஊரில் ஒருவரை நியமித்து, இதுவரை கேள் என்று தொகையைச் சொல்லி வைத்துவிடுங்கள்.


கரைமடி
புதன், இரவு 9:15

பொருள் பட்டியலுக்கு ஒன்று. வேலையை ஏலம் விடுங்கள். தென்னை ஏற ஆள் கிடைக்காமல் எல்லோரும் தவிக்கிறார்கள். ‘பத்து மூடு தென்னையில் தேங்காய் வெட்டித் தரப்படும்’ என்று உங்கள் ஊர் ஏறுகிறவர் ஒருவர் ஒரு நாளைக் கொடுத்தால், குலையை விட அது அதிகத்துக்குப் போகும். எலக்ட்ரீஷியன், கொத்தனார், தையல் அக்கா எல்லோரும் இதில் வரலாம். காசு இல்லாதவரும் கொடுத்தவர் ஆகிறார்.


ஒஹாயோ_அம்மா
வியாழன், காலை 5:55

முன்வரிசை விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மேய்ப்பன் அண்ணா. டீச்சர் சொன்ன அந்தப் படத்தைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் அந்தப் போர்வையை ஒரே ஒரு வீட்டுக்காரர்தான் எடுத்துப் போகிறார், மீதி இருபது அம்மாக்கள் போனில் போட்டோ எடுத்துக்கொள்வோம். இத்தனை வருடம் எனக்கு அது உறைக்கவே இல்லை.


மட்டிக்குலை
ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஞாயிறு இரவு 11:30

முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

காலை ஏழரைத் திருப்பலி முடிந்து ஒன்பதுக்கு ஆரம்பித்தோம். 8:40-க்கு ஒரு மழை கொட்டியது. எல்லாப் பொருளையும் தூக்கிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்கு ஓடினோம், அதற்குள் ஆடு அவிழ்த்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்குள் போய்விட்டது. ஒன்பதே காலுக்கு வெயில்.

மொத்தம் 94 பொருள். குலை மட்டும் 21: மட்டி, ஏத்தன், செந்துளுவன், ரசகதலி. நல்லமிளகு, கருப்பட்டி, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), முந்திரிக்கொத்து, கன்னியர் மடத்தில் பெண்கள் பின்னிய லேஸ் மேசைவிரிப்பு ஒன்று. அதிகத்துக்குப் போனது ஆடு, அதற்கடுத்து தென்னை ஏறும் நாள். கரைமடி சொன்னது பலித்தது: 3,600. கேட்டவர்கள் எல்லோரும் ரிட்டயர்டு வாத்தியார்கள்.

சத்தமில்லாத ஏல மேசையில் 30 பொருள் வைத்தோம். முதல் அரை மணி ஒருவரும் எழுதவில்லை. அப்புறம் அன்பியத் தலைவி ஒருவர் பேனாவை எடுத்ததும் கூட்டம் அங்கேதான். பேனா மூன்று தொலைந்தது.

ஏலத்தில் கேட்ட தொகை 2,41,350. அன்றே மேசையில் விழுந்தது 2,19,800. ஒவ்வொரு பொருளுக்கும் பணம் கட்டும் வரை காத்திருந்ததால் ஒரு மணிக்கு முடிய வேண்டியது இரண்டேகால் ஆயிற்று, நடுவில் பசியில் சிலர் எழுந்து போனார்கள். கையில் காசில்லை, வீட்டில் போய் எடுத்து வருகிறேன் என்றவர்களிடம் மட்டும் கொஞ்சம் தளர்ந்துவிட்டோம். பாக்கி அத்தனையும் அந்த வகைதான்.

பொருளில்லா ஏலத்தைச் சாமானாக மாற்றினோம். கதவு ஒன்று 4,500, கழிவறைப் பீங்கான் ஒன்று 3,000, சிமெண்ட் மூட்டை 400. கதவு ஆறும், பீங்கான் எட்டும் பத்து நிமிடத்தில் போயிற்று. சிமெண்ட் 62 மூட்டை. அதில் மட்டும் 75,800. கடைசி சிமெண்ட் மூட்டையை எட்டாம் வகுப்புப் பையன்கள் 23 பேர் காசு சேர்த்து எடுத்தார்கள். சில்லறையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள், எண்ணி முடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டது.

ஆறு லட்சம் வரவில்லை. கழிவறைக்குப் போதும். அதை முதலில் கட்டுகிறோம், கையில் மிஞ்சுவது கூரைக் கணக்கில். நோட்டீசிலேயே அப்படித்தான் எழுதியிருந்தோம்.


கறார்_கண்ணாடி
மறுநாள், காலை 9:05

கணக்கு ஒட்டியாயிற்றா?


மட்டிக்குலை
அடுத்த ஞாயிறு, மதியம் 12:45

இன்று காலை ஒட்டினோம் சார். மைக் செட், பந்தல், டீ, ரசீதுப் புத்தகம் செலவு 14,260. அதில் டீ மட்டும் ஏன் இவ்வளவு என்று இதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.


சாக்பீஸ்
அதே நாள், மாலை 4:20

கேட்கட்டும். பலகையைப் படிக்கிறார்கள் என்று தெரிகிறதே. அந்தச் சுற்றும் தேங்காய் என்ன ஆயிற்று, அதைச் சொல்லவே இல்லையே?


மட்டிக்குலை
நவம்பர் முதல் வாரம், இரவு 8:10

டீச்சர், தாமதத்துக்கு மன்னிக்கவும். தேங்காய் ஆறு கை மாறியது. 1,100, 1,500, 900, 2,000, 1,300, 2,500. ஒரே தேங்காயில் 9,300 ரூபாய். ஆறாவதாக எடுத்தவரும் “பள்ளிக்கே” என்று வைத்துவிட்டார், அதற்கு மேல் ஏலம் விட எங்களுக்கே வெட்கமாக இருந்தது. உரிக்காத முற்றின தேங்காய். ஹெச்.எம். அறையில் பீரோவுக்குப் பக்கத்தில், மழைத்தண்ணீர் சொட்டுகிற மூலையில் கிடந்தது.

கழிவறை லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. பாக்கியில் 3,400 மட்டும் நிற்கிறது, இரண்டு பேர், கிறிஸ்துமஸுக்குள் தருவார்கள்.

நேற்று அறையைக் கூட்டிய அக்கா வந்து சொன்னார், தேங்காய் முளை விட்டிருக்கிறது. ஒரு சாண் நீளம். புதுக் கழிவறைக்குப் பின்னால் வைக்கலாம் என்று பிள்ளைகள் குழி தோண்டக் கிளம்பிவிட்டார்கள்.


கரைமடி
நவம்பர் முதல் வாரம், இரவு 8:22

அங்கே வைக்காதீர்கள் அண்ணே! வேர் செப்டிக் டேங்குக்குள் போய்விடும். கொடிமரம் பக்கம் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.